கன்னத்தில் ஒட்டிய கண்ணாடி

பாடசாலையில் பல் பார்த்த நாள் மகள் கொண்டுவந்த துண்டில் நாலு பல் சூத்தை என்று இருந்தது. தரம் 2 படிக்கிறாள். மூன்று, விழுந்து முளைக்கிற பால் பல். நாலாவது, ஆறு வயதில் வந்த கொடுப்புப் பல். இனி அதற்கு மாற்றுப் பல் கிடையாது. அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

நிலாவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் திருகோணமலை டவுனுக்குப் போய் நம்பர் எடுத்தோம். ரொபி, சொக்லேட் எப்போதாவதுதான் கொடுக்கிறேன் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் சின்னக் கண்ணாடியை மகளின் கன்னத்துக்குள் வைத்து எடுத்தார்.

"கண்ணாடி ஒட்டுது அம்மா. துப்பல் காணாது. பிள்ளை வாயைத் திறந்துகொண்டா படுக்கிறவ?"

ஓம். மூக்கடைப்பு, வருசம் முழுக்கத் தடிமன். அதற்கு இரவில் பாணி மருந்து கொடுப்பேன், பல் விளக்கிப் படுத்த பிறகு.

அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இனிப்போ மாவோ வாயில் பட்டதும் கிருமிகள் அமிலம் உண்டாக்கும். அமிலம் கூடக் கூட இறங்குகிற அளவுதான் பிஎச்; வாயில் அது 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் கல்சியமும் பொஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அமிலத்தை ஆற்றி, கரைந்ததைத் திரும்பக் கொடுப்பது துப்பல்தான். அதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் வேண்டும். மகளோ ரியூசனில் ஒரு பிஸ்கட் பக்கெட்டைப் பின்னேரம் முழுக்க ஒவ்வொன்றாகக் கடிப்பாள். நித்திரையில் துப்பல் சுரப்பதே குறைவு. வாயால் மூச்சு விட்டால் இன்னும் காயும். அந்தப் பாணியும் வாயை உலர்த்தும், சீனியும் உண்டு. மருந்து என்று நம்பி என் கையாலேயே கொடுத்தது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

மூன்று தடவை போய் வந்தோம். ஒரு பால் பல்லைக் கழட்டினார்கள், மற்றதெல்லாம் அடைத்தார்கள். இன்னொரு கொடுப்புப் பல்லில் மங்கலாக ஒரு வெள்ளைப் புள்ளி. "இது இன்னும் ஓட்டை இல்லை, காப்பாற்றலாம்" என்றார்.

மூக்குக்குத் தனியாக வைத்தியம் பார்த்தோம். அந்த டொக்டரே பாணியை நிறுத்தி வேறு மருந்து தந்தார். புளோரைட் பற்பசையால் விளக்கித் துப்பினால், பிறகு வாய் கொப்பளிப்பதில்லை. அதற்குமேல் தண்ணீர் மட்டும்தான். பிஸ்கட் என்றால் ஒரே இருப்பில் தின்று முடிக்க வேண்டும். இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை, அப்பம்மாவோடும் சேர்த்து.

ஆறு மாதத்தால் திரும்பப் போனோம். கண்ணாடி வழுக்கிக்கொண்டு வந்தது. புள்ளி அப்படியே இருக்கிறது, ஆனால் மங்கல் போய் மினுங்குகிறது.