ஏற்காட்டுக்குத் தூக்கிப்போன பேட்டரி

கார் முன்கண்ணாடியில் விழுந்த ஒரு கல் அடியைச் சரிசெய்ய எவ்வளவு கரண்ட் ஆகும் என்பது, அந்தத் தொழிலிலேயே இருந்த எனக்கு மூன்று வருஷம் தெரியாது. அதற்குள் இரண்டு பேட்டரி வாங்கி, ஒருவர் காரில் ஃப்யூஸையும் போக்கியிருந்தேன்.

முன்கண்ணாடியில் கல் பட்டு விழும் சிறு உடைசலை, வண்டி நிற்கும் இடத்துக்கே போய் ரெசின் என்கிற, இறுகிப்போகும் திரவப் பிசினை ஏற்றி அடைப்பது என் வேலை. சேலத்தில் இதற்குப் பஞ்சம் வராது. பெங்களூரிலிருந்து வரும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் போகிறது. கொச்சிக்குப் போகும் 544 இங்கிருந்துதான் பிரிகிறது. தார்ப்பாய் கட்டாத ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒருவர் பத்து நிமிஷம் போனால் எனக்கு போன் வரும். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அடி வெளித் தகட்டோடு நின்று, ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் காப்பாற்றிவிடலாம். ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே இருந்தால் நான் தொடுவதில்லை. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அந்த இடத்தில் ஒரு மங்கல் நிற்கும்.

எனக்குக் கடை கிடையாது, ஸ்கூட்டர்தான். முதல் பேட்டரி, பழைய கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-அவர், அதில் அடங்கும் மொத்தக் கரண்ட் அவ்வளவுதான். ஆனால் கைக்குக் கிடைப்பது பாதிதான். அதற்கும் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். இறங்கிய நிலையில் சார்ஜ் போடாமல் விட்டால் தட்டில் சல்பேட் படியும். நானோ மறந்து வைக்கிற ஆள். போதாததற்கு வெயில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் கணக்கு. சித்திரையில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டே மாதத்தில் வயிறு உப்பிக்கொண்டது.

சரி, வாடிக்கையாளர் காரிலேயே பேட்டரி இருக்கிறதே, நாம் எதற்குச் சுமக்க வேண்டும் என்று தோன்றியது. இந்த யோசனை சேலத்துக்குள் இரண்டு மாதம் ஓடியது. ஏற்காட்டில் நின்றது.

டிசம்பர் மாதம், காலை எட்டு மணி, ஒண்டிக்கடை பக்கம் ஒரு விடுதி வாசல். சுமார் 1500 மீட்டர் உயரம், பனி கண்ணாடியில் முத்து முத்தாக வழிகிறது. அடிக்குள் ஈரம் இருந்தால் ரெசின் போகாது. போனாலும் பால் விட்டது மாதிரி வெள்ளையாக நிற்கும். காய வைக்க, காருக்கென்றே விற்கிற 12 வோல்ட் ஹேர் டிரையர் ஒன்றை வைத்திருந்தேன். 180 வாட். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகி ஆன் செய்தேன். 180-ஐ 12-ஆல் வகுத்தால் 15 ஆம்பியர். அந்த வண்டியின் சாக்கெட்டுக்கு இருந்த ஃப்யூஸ் 10 ஆம்பியர். இந்த வகுத்தல் எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, டிரையர் நின்றது. கூடவே பின்சீட்டில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்த பாட்டும் நின்றது. இரண்டுக்கும் ஒரே ஃப்யூஸ்.

“தம்பி, நீங்க கண்ணாடி பார்க்க வந்தீங்களா, கரண்ட் பார்க்க வந்தீங்களா?” என்றார் அந்த ஐயா. கோபமாகக்கூட இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஃப்யூஸ் தேடி நான் கடைக்கு நடந்து திரும்பி வருவதற்குள் வெயில் ஏறி அடி தானாகக் காய்ந்திருந்தது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்காமல் இறங்கினேன்.

அவமானத்தில் வாங்கியதுதான் அடுத்தது. கைப்பிடி வைத்த பவர் ஸ்டேஷன், 500 வாட்-அவர், ஆறு கிலோ. பெட்டியில் வீட்டு பிளக், யூஎஸ்பி, 12 வோல்ட், எல்லாம் உண்டு. அதை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்காலால் பிடித்துக்கொண்டு ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பார்த்தால்தான் ஆறு கிலோ என்றால் என்ன என்று தெரியும். வளைவில் வண்டி சாயும்போது பெட்டி வேறு பக்கம் சாயும். எதிரே பஸ் வந்தால் கேட்கவே வேண்டாம்.

மேலே போய் வீட்டு ஹேர் டிரையரைச் சொருகினேன். 1000 வாட். பெட்டி ‘ஓவர்லோட்’ என்று காட்டிவிட்டு அணைந்தது. அதன் இன்வெர்ட்டர் ஒரு நேரத்தில் 500 வாட்தான் கொடுக்கும். வாட்-அவர் என்பது தொட்டியின் கொள்ளளவு, வாட் என்பது குழாயின் அளவு. விற்பவர்கள் தொட்டியைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். குழாய் அளவைப் பார்க்காமல் வாங்கியது என் தப்பு.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு. அடியைப் பார்க்கிற எல்இடி விளக்கு 5 வாட், 40 நிமிஷம்: மூன்றரை வாட்-அவருக்குள். சின்ன டிரில் 30 வாட், ஒரு அடிக்கு அரை நிமிஷம் ஓடினால் அதிகம்: கால் வாட்-அவர். காற்றை உறிஞ்சி ரெசினை அழுத்துகிற இன்ஜெக்டர் கையால் திருகுவது, அதற்குக் கரண்டே வேண்டாம். ரெசினை இறுக வைக்கிற யூவி (புற ஊதா) விளக்கு 12 வாட், ஏழு நிமிஷம்: ஒன்றரை வாட்-அவருக்குள். எல்லாம் சேர்த்து ஐந்து, ஆறு. தாராளமாகப் பத்து என்றே வைத்துக்கொண்டேன். 5000 மில்லி ஆம்பியர்-அவர் செல்போன் பேட்டரியில் 19 வாட்-அவர் இருக்கிறது. அதாவது என் தொழிலில் ஒரு வேலைக்கு ஆகும் கரண்ட் செல்போனில் பாதி. அந்த 1000 வாட் வீட்டு டிரையர் ஐந்து நிமிஷம் ஓடினால் 83 வாட்-அவர். என் பழைய யூபிஎஸ் பேட்டரி முழுசும் போச்சு.

சூடு ஒன்றுதான் ராட்சசன். அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் பெரிய பேட்டரியே வேண்டாம். ஆனால் ஏற்காட்டில் கண்ணாடியை எப்படிக் காய வைப்பது? விடை காருக்குள்ளேயே இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைத் திறந்து காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் பதினைந்து நிமிஷத்தில் கண்ணாடி வெதுவெதுப்பாகிறது. எஞ்சின் எப்படியும் வெளியே தள்ளுகிற சூடுதானே. மெதுவாக ஏற்றுவதால் விரிசலும் நீளாது. லைட்டர் நெருப்பைக் காட்டிச் சூடாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ‘டிக்’ என்று ஒரு கோடு ஓடுகிற சத்தத்தையும் கேட்டிருக்கிறேன். மீதி ஈரத்தை இன்ஜெக்டர் உறிஞ்சிவிடும். இப்போது மலையிலிருந்து யாராவது கூப்பிட்டால், “நான் வர்ற வரைக்கும் அடி மேல செல்லோ டேப் ஒட்டி வைங்க சார்” என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி ஈரப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது.

அப்புறம் பவர் ஸ்டேஷனை விற்றுவிட்டு, ஐந்து ரோடு பக்கம் தெரிந்த பேட்டரிக் கடை அண்ணனிடம் போனேன். “எனக்கு வீட்டு பிளக்கே வேணாம்ணா, 12 வோல்ட் மட்டும் போதும்” என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டர் மறுபடி 12 ஆக்குவதில் இரண்டு பக்கமும் நஷ்டம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் நான்கு, ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 20 ஆம்பியர்-அவர், மேலே செல்களைக் காவல் காக்கிற பிஎம்எஸ் போர்டு ஒன்று. மொத்தம் 256 வாட்-அவர், மூன்று கிலோவுக்குள். லித்தியம் வகைகளில் சூட்டைத் தாங்குவதில் இது பரவாயில்லை. அதற்காக டிக்கியில் வேக விடுவதில்லை. டீக்கடைக்குப் போனால் கூடவே எடுத்துப் போகிறேன். பழைய டிபன் கேரியர் பைக்குள் அது அளவாக உட்காருகிறது. “இன்னிக்கு என்ன சாப்பாடு?” என்று கேட்டவர்கள் உண்டு.

அதற்கும் ஒரு குணம் இருக்கிறது. ஈய பேட்டரி களைத்தால் வோல்ட் மெல்ல இறங்கி, விளக்கு மங்கி, முன்கூட்டியே சொல்லும். இது கடைசி வரை 13-ஐ ஒட்டியே நிற்கும். பிறகு ஒரே விழுகை, பிஎம்எஸ் துண்டித்துவிடும். போன ஐப்பசியில் ஏற்காடு ஏரிக்கரையில் அதுதான் நடந்தது. ரெசின் ஏற்றியாகிவிட்டது, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியாகிவிட்டது, யூவி விளக்கு வைத்த இரண்டாவது நிமிஷம் அணைந்தது. கீழே சேலத்தில் வெயில் என் எதிரி. நிழலில் நிறுத்தாவிட்டால் அடிக்குள் முழுசாக இறங்கும் முன்பே ரெசின் இறுகிவிடும். அன்று அதே வெயிலுக்காகக் முன்கண்ணாடி திறந்த வானத்தைப் பார்க்கும்படி காரைத் திருப்பி நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். யூவி மேகத்தைத் தாண்டியும் கொஞ்சம் வரும், உயரத்தில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே வரும். ஏழு நிமிஷ வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பிளேடு வைத்துச் சுரண்டியபோது பொடியாக உதிர்ந்தது. பிசுபிசுப்பு இல்லை, இறுகிவிட்டது. காரின் சொந்தக்காரர் அதற்குள் இரண்டு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

வோல்ட் மீட்டரை நம்புவதை அன்றோடு விட்டேன். இப்போது பேட்டரியின் நீல உறை மேல் மார்க்கரால் ஒரு அடிக்கு ஒரு கோடு போடுகிறேன், சார்ஜ் ஏறியதும் ஸ்பிரிட் தொட்டு அழிக்கிறேன். இருபது கோட்டைத் தாண்ட விடுவதில்லை. இன்று பார்த்தேன், பதினான்கு இருக்கிறது. நாளை ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஜீப்பும் இரண்டு காரும் காத்திருக்கின்றன. கணக்குப்படி தாங்கும், இருந்தாலும் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும்.