சுவர் அகல அலமாரி: பில்லில் 710, வண்டியில் வந்தது வேறு

பெரம்பூரில் எங்கள் பிளாட்டின் படுக்கையறையில், 8 அடி அகலத்துக்கு சீலிங் வரைக்கும் அலமாரி செய்து முடித்தாகிவிட்டது. கீழே 7 அடி உயரத்தில் துணிமணியும் அப்பாவின் புத்தகங்களும், மேலே இரண்டரை அடி லாஃப்டில் அம்மாவின் கொலு பொம்மைப் பெட்டிகளும். டிசைன், மைக்கா கலர், கைப்பிடி எல்லாம் சுலபமாக முடிந்தன. படுத்தி எடுத்தது பிளைவுட்தான். அந்தக் கடைக்காரர் மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அலமாரி நிற்கும் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். ஓதம் ஏறும் சுவர். அதனால் 18 எம்எம்மில், கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும் மரைன் பிளை, அதாவது ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் உள்ளதுதான் வேண்டும் என்று சொல்லி, அதற்குரிய விலையைக் கொடுத்து, பில்லிலும் "710" என்று எழுதி வாங்கினேன். கடை சைடன்ஹாம்ஸ் ரோட்டில். வண்டி வந்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். எட்டுக்கு நாலு ஷீட் லிஃப்டுக்குள் நுழையாது. படி வழியாக ஏற்ற, லோடுமேன்கள் மாடிக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கிக்கொண்டார்கள். இந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

சாயங்காலம் வந்து பார்த்தால், மேலே கிடந்த இரண்டு ஷீட்டில் மட்டும் 710 முத்திரை. அடியில் இருந்ததெல்லாம் ஐஎஸ் 303, எம்ஆர் ரகம், அதாவது லேசான ஈரப்பதத்தை மட்டும் தாங்கும் சாதாரண பிளை. வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது. மரைன் பிளையில் போடுவது ஃபீனால் பசை. அடுக்குகளுக்கு நடுவே கோடு கரும்பழுப்பாக ஓடும். எம்ஆரில் யூரியா பசை, கோடு வெளுத்து இருக்கும். ஆசாரி அதற்குள் அடி ஷீட் ஒன்றை அறுத்துவிட்டார். அறுத்ததில் மிஞ்சிய துண்டை ஒரு பழைய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டேன். ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் அடுக்கு அடுக்காகப் பிரிந்து வந்துவிட்டது.

அந்தத் துண்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "ரெண்டும் ஒரே கம்பெனி சரக்குதான் சார், பெட்ரூமுக்கு இதுவே தாங்கும்" என்றார் கல்லாவில் இருந்தவர். தாங்குமா தாங்காதா என்று நான் கேட்கவில்லை. காசு வாங்கியது எதற்கு என்றுதான் கேட்டேன். "வெட்டுன ஷீட்ட எடுக்க மாட்டோம். மத்ததுக்கு ஓனர் வரணும், திங்கக்கிழமை வாங்க." திங்கட்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டுப் போனால் ஓனர் வரவில்லை. வெயிலில் அலைந்ததுதான் மிச்சம்.

அடுத்த முறை போனபோது, அவர்கள் எதிரிலேயே 1915, நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுக்க ஆரம்பித்தேன். பில் நம்பரைப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒருவர் எழுந்து வந்தார். மறுநாளே ஷீட் மாறி வந்தது, அறுத்த ஷீட்டும் சேர்த்து, ஏற்றுகூலியும் அவர்கள் செலவில். பில்லில் அந்த மூன்று இலக்கம் இல்லாமல் போயிருந்தால் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. "பிளை 18 எம்எம்" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஷீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று ஒரு நம்பர் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் யாருடைய லைசென்ஸ் என்று வந்துவிடும். வண்டியிலிருந்து இறக்கும் முன்பே ஒவ்வொரு ஷீட்டையும் பாருங்கள், மேலே இருப்பதை மட்டும் அல்ல.

ஆசாரி நல்ல வேலைக்காரர், மூலைமட்டம் பிசகாது. ஆனாலும் ஒரு இடத்தில் அவசரப்பட்டார். 4 அடி அகலத்தில் இரண்டு பாதி, லாஃப்ட் தனிப் பெட்டி, நிறுத்திய பிறகு மேலே ஏற்றுவது என்றுதான் பேச்சு. முதல் பாதியைத் தரையில் படுக்கவைத்தே லாஃப்டையும் சேர்த்து ஃபெவிகால் போட்டு முடுக்கிவிட்டார். மறுநாள் காலையில் நிமிர்த்தினால் பாதியில் நிற்கிறது. சீலிங் 9 அடி 8 அங்குலம், அலமாரி 9 அடி 6 அங்குலம், நின்றுவிட்டால் சரிதான். ஆனால் ஆழம் 2 அடி. சாய்த்துத் தூக்கும்போது மூலைக்கு மூலை 9 அடி எட்டரை அங்குலம் வருகிறது. அரை அங்குலம் இடிக்கிறது!

"சீலிங்ல கொஞ்சம் சுரண்டிடலாமா தம்பி?" என்று கேட்டார்.

"வேணாம்ணே, லாஃப்டப் பிரிச்சிடுங்க" என்றேன்.

பசை இறுகிவிட்டதால் பிரிக்கும்போது லாஃப்டின் அடிப்பலகை பிய்ந்தது. அதைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி அவரே ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர். கீழ்ப்பெட்டி 7 அடிதான் என்பதால் தனியாக நிமிர்த்தியபோது எங்கும் இடிக்காமல் நின்றது. சீலிங் வரை அலமாரி செய்பவர்கள் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது, இந்தக் குறுக்களவையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கூலி பேசும்போது சதுர அடி என்றால் எதன் சதுர அடி என்று எழுதி வாங்குங்கள். நாங்கள் முன்பக்க அளவு, 8 பெருக்கல் ஒன்பதரை, 76 சதுர அடி, டிராயர் உட்பட என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டோம். பக்கத்து பிளாட்டில் உள்தட்டு ஒவ்வொன்றையும் தனியாக அளந்து பில் போட்டு, பெரிய சண்டையாகிவிட்டது. புத்தகத் தட்டுக்கு இரண்டு அடிக்கு ஒரு தடுப்பு கட்டாயம் வையுங்கள். மூன்று அடி விட்டால் 18 எம்எம் பலகையும் நாளடைவில் தொய்ந்துவிடும்.

மழைக்காலம் முடியும் வரை கூலியில் ஐயாயிரம் ரூபாயை நிறுத்தி வைப்பதாகவும் பேசியிருந்தோம். நவம்பர் மழையில் ஒரு கதவு உரசியது. போன் போட்டதும் ஆசாரி வந்து கீலைத் திருகிச் சரிசெய்தார், எல்லாக் கதவையும் திறந்து மூடிக் காட்டினார், பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.