வெளிநாட்டில் இருக்கும் ஊழியருக்கு ஆபத்து என்றால்: கம்பெனி முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

இஸ்ரேல்–ஈரான் சண்டை வெடித்த 2025 ஜூன் 13 அன்று ஈரான், இராக், ஜோர்டான் வான்வெளிகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. 23ஆம் தேதி மாலை கத்தாரும் மூடியது. இப்படிப்பட்ட நாளில் சிக்குகிறவர் சண்டை நடக்கும் நாட்டில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டியதில்லை. பிராங்க்பர்ட் போகிற வழியில் தோஹாவில் விமானம் மாறக் காத்திருப்பவரும் சிக்குவார். அவர் தோஹா வழியாகப் போகிறார் என்பது கம்பெனியில் யாருக்காவது தெரியுமா என்பதுதான் முதல் கேள்வி.

மதுரையின் வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காக்களிலிருந்து ஆன்சைட் (வெளிநாட்டு கிளையன்ட் இடத்திலேயே வேலை பார்க்க) போகிறவர்கள், கப்பலூர் பக்கமிருந்து மெஷின் நிறுவவும் சர்வீஸ் பார்க்கவும் வளைகுடாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகிறவர்கள் என இரண்டு வகையினருக்கும் இந்த ஏற்பாட்டைச் செய்து பார்த்ததில் கிடைத்த விவரங்கள் இவை. பெரிய கம்பெனிகள் இதற்கென்று தனி ஏஜென்சி வைத்திருக்கும். ஐம்பது, நூறு பேர் உள்ள கம்பெனியை மனதில் வைத்து எழுதுகிறோம்.

முதலில் பட்டியல். யார், எந்த ஊரில், இன்றிரவு எங்கே தூங்குகிறார் என்ற விவரம் பெரும்பாலும் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும்: பாஸ்போர்ட் நகல் எச்.ஆரிடம், டிக்கெட் டிராவல் ஏஜென்டிடம், தங்குமிடம் ப்ராஜெக்ட் மேனேஜரிடம், உள்ளூர் நம்பர் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில். நாலையும் ஒரே தாளுக்குக் கொண்டுவர வேண்டும். பாஸ்போர்ட் எண், முடியும் தேதி, விசா வகை, விசா முடியும் தேதி, தங்குமிடத்தின் முழு முகவரி, அங்குள்ள சிம் நம்பர், அடுத்த விமானம், இடையில் மாறும் ஊர், கிளையன்ட் பக்கம் ஒருவர் நம்பர், இங்கே வீட்டில் இருவர் நம்பர். மனைவி, பிள்ளைகள் கூடப் போயிருந்தால் அவர்களுக்கும் தனித்தனி வரி. குடும்பத்தை விட்டுவிட்டுத் தயாரித்த பட்டியல் நெருக்கடியில் உதவாது. அவர்களை விட்டுவிட்டு அந்த ஊழியர் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார்.

பட்டியல் பொய்யாகிப் போவது வார இறுதியில். ஜெர்மனியில் இருப்பவர் வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறி செக் நாட்டின் பிராகா போய்விடுவார். அவரே போட்ட டிக்கெட் என்பதால் இங்கே யாருக்கும் தெரியாது. அதற்காக விடுமுறைக்கு அனுமதி கேள் என்று விதி போட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். டிக்கெட் மெயிலை ஒரு பொது முகவரிக்கு ஃபார்வேர்ட் செய்தால் போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று வைத்தால் ஓரளவு நடக்கிறது. பட்டியலைத் திங்கள், வெள்ளி இரு நாளும் அச்சிட்டு இரண்டு பேர் வீட்டில் வைத்திருப்பது நல்லது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறில் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத்திரையாகி நின்றன, விமானங்களும் நின்றன. ஆளைத் தேட வேண்டிய நாளும் கணினி திறக்காத நாளும் ஒன்றாகவே இருந்தன.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு தலைவலி உண்டு. இனிஷியல் வழக்கத்தால் பல பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட்டில் அப்பா பெயர், பாலிசியில் இனிஷியல், விசாவில் வேறு வரிசை என்று ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பார். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று சொல்லி, பிறகு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தியது நினைவிருக்கலாம். சாதாரண நாளில் இது கவுன்டரில் அரைமணி நேர வாக்குவாதம். துபாய் வழியாக அவசரமாக வெளியேற வேண்டிய நாளில் வழியே அடைபடும். டிக்கெட், பாலிசி, விசா மூன்றையும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் திருத்த வேண்டியது புறப்படும் முன்னால்தான்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படிக்க வேண்டும். போர், உள்நாட்டுக் கலவரம் பெரும்பாலும் விலக்கில் இருக்கும். ஒரு பயணத்துக்கு இத்தனை நாள்தான் என்ற வரம்பு இருக்கும். ப்ராஜெக்ட் நீண்டு நாள் தாண்டினால் கவர் இல்லை. உடலுழைப்பு வேலைக்கு விலக்கு இருந்தால், அலுவலக ஊழியருக்கு வாங்கிய பாலிசி மெஷின் தூக்கி வைக்கப் போன ஃபிட்டருக்குச் செல்லாது. ஷெங்கன் விசாவுக்கான (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) 30,000 யூரோ கவர் விசாவுக்கான குறைந்தபட்சம் மட்டுமே. அதே தொகையோடு அமெரிக்கா அனுப்பினால் தீவிர சிகிச்சைப் பிரிவு பில்லுக்குக் காணாது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முன்பாக, முடியாவிட்டால் சேர்த்த கையோடு, பாலிசியில் உள்ள உதவி நம்பரில் பேசிப் பதிவு எண் வாங்குவதை ஊழியருக்குப் பழக்கிவிட வேண்டும். கேஷ்லெஸ் (பில்லை இன்சூரன்ஸ் நேரடியாகக் கட்டுவது) மறுக்கப்படுவதற்கு இந்த ஒரு போன் விட்டுப்போனதே பல சமயம் காரணமாகிறது.

இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படுவது) வேலைக்குப் போகிற வெல்டர், ஃபிட்டர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம் கட்டாயம். விபத்து மரணம், நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் ரூபாய். பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275, மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. செலவு மிச்சம் என்று இவர்களை விசிட் விசாவில் அனுப்பாதீர்கள். விபத்து நடந்தால் அந்த நாட்டுச் சட்டப்படி அவர் வேலை பார்த்ததே குற்றமாகிவிடும், இன்சூரன்ஸும் கைவிரிக்கும்.

பணம். இரவு இரண்டு மணிக்கு 80,000 ரூபாய் டிக்கெட் போட யாருக்கு அதிகாரம்? இதற்குப் பதில் எழுத்தில் இல்லாத திட்டம் வீண். அவசரப் பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் செலவழிக்க ஒரு உச்சவரம்பு வேண்டும். ஐந்து லட்சம் என்று வைத்தால் இரண்டு, மூன்று பேர் டிக்கெட்டுக்கும் ஆஸ்பத்திரி முன்பணத்துக்கும் தாங்கும். கார்டு இருந்தால் மட்டும் போதாது. புதிதாக வரும் கார்டுகள் ரிசர்வ் வங்கி விதிப்படி உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறக்க வேண்டும். ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது என்றும் பாருங்கள். முதலாளி போனுக்குப் போய், அவர் சைலன்டில் போட்டுத் தூங்கினால் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே இருக்கும். ஊழியர் கையிலும் 200 டாலர் ரொக்கம் தனி உறையில் இருக்கட்டும்.

தொடர்புக்கு ஒரு நம்பர், 24 மணி நேரமும், முறை வைத்து. அது உள்ளூர் ஆம்புலன்சுக்கு மாற்று அல்ல. உயிர் போகும் அவசரத்தில் முதலில் அழைக்க வேண்டியது அந்த நாட்டு நம்பரை: அமீரகத்தில் ஆம்புலன்ஸ் 998, சிங்கப்பூரில் 995, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, ஜப்பானில் 119. அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், வாட்ஸ்அப் கால் போகாது; முதல் தடவை முயல்கிறவர் ஆள் எடுக்கவில்லை என்று பதறுவார். சம்பவம் தெரிந்ததும் எல்லோருக்கும் ஒரே மெசேஜ்: "1 – நலம், 2 – உதவி வேண்டும்." பதில் வராதவருக்கு அரைமணியில் போன், ஒரு மணி நேரத்தில் அறைத்தோழருக்கு, இரண்டு மணி நேரத்தில் கிளையன்டுக்கு, அதற்கும் தகவல் இல்லையென்றால் இந்தியத் தூதரகத்துக்கு.

வீட்டுக்குப் பேசுவதைத் தள்ளிப்போடக் கூடாது. டி.வி.யில் ஃபிளாஷ் நியூஸ் ஓடும்போது உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கும் அப்பா அம்மாவுக்கு நாம் முந்திக்கொள்ள வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரே ஆள் பேசட்டும், கடைசி வரை அவரே பேசட்டும். "தம்பி நல்லா இருக்காப்ல, பத்து நிமிஷம் முன்னாடிதான் பேசினோம், மறுபடி எட்டு மணிக்குக் கூப்பிடுறேன்" என்று சொன்னால், எட்டு மணிக்குப் புதுச் செய்தி இல்லாவிட்டாலும் கூப்பிட்டே ஆக வேண்டும்.

மீட்பு விமானத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2022இல் உக்ரைனிலிருந்து வந்தவர்கள் போலந்து, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா எல்லை வரை தாங்களே வர வேண்டியிருந்தது. 2023இல் சூடானில் போர்ட் சூடான் வந்து, அங்கிருந்து ஜித்தா. 2025இல் ஈரானிலிருந்து ஒரு பகுதியினர் அர்மேனியா வழி, இஸ்ரேலிலிருந்து ஜோர்டான், எகிப்து வழி. அரசு விமானம் பக்கத்து நாட்டில் நிற்கும். அதுவரை போவதற்கு வண்டியும் வழிச்செலவும் பெரும்பாலும் நம் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் தரைவழியில் எந்த எல்லை, அங்கே நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்று ஒரு வரி எழுதி வைக்கவும். தூதரகத்தில் பதிவு செய்தவருக்குத்தான் அழைப்பு வரும். பெரும்பாலும் டெல்லியில்தான் இறக்குவார்கள். அங்கிருந்து மதுரை வரை யார் கூட்டி வருவது என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

மருந்து, சாமான் விஷயம் சின்னதாகத் தோன்றும். டிரமடால், கோடீன், பிரிகாபலின் மாத்திரைகள் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. அம்மா கட்டிக்கொடுக்கும் மசாலா பொட்டலத்தில் கசகசா இருந்தால் வளைகுடாவில் அது போதைப்பொருள் வழக்கு. இதைப் புறப்படுகிறவரிடம் மட்டும் சொன்னால் பயனில்லை, பெட்டி கட்டுகிறவரிடமும் சொல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். சான்று இல்லாமல் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

மரணத்துக்கான பக்கத்தை எழுத எல்லோரும் தயங்குகிறார்கள். 2024 ஜூன் 12இல் குவைத் மங்காஃப் தீ விபத்தில் இறந்த 45 இந்தியர்களின் உடல்கள் ஜூன் 14 அன்று விமானப்படை விமானத்தில் கொச்சி வந்தன. அவர்களில் 7 பேர் தமிழர்கள். அது அரசே முன்நின்ற நிகழ்வு. தனி ஒருவர் மாரடைப்பில் இறந்தால் காகிதங்களை நாம்தான் சேர்க்க வேண்டும்: அந்த நாட்டு இறப்புச் சான்று, உடல் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் நகல். உடலை இந்தியாவுக்குக் கொண்டுவர அனுமதிக்கு இ-கேர் என்ற இணையவாசல் 2023 முதல் இருக்கிறது. மதுரைக்கு எடுத்து வர முடியுமா, திருச்சியா, சென்னையா என்பதை விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவில் கேட்டு, ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்த பிறகே குடும்பத்துக்கு நேரம் சொல்லவும். வசதியில்லாத குடும்பமாக இருந்து முதலாளியும் செய்யாவிட்டால், தூதரகங்களில் இந்தியச் சமூக நலநிதி இருக்கிறது. சென்னையில் அயலகத் தமிழர் நலத் துறை இருக்கிறது. அதன் உதவி எண்ணும் தாளில் இருக்கட்டும்.

ஒத்திகை பெரிதாக வேண்டாம். ஏதாவது ஒரு சனிக்கிழமை மாலை, முன்னறிவிப்பு இல்லாமல், எல்லோரும் எங்கே என்று கேட்டு ஒரு மணி நேரத்தில் எத்தனை பதில் வருகிறது என்று பாருங்கள்.

ஆள் பத்திரமாகத் திரும்பிய பிறகு ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும். திரும்பி வந்த மாதங்களுக்கு வெளிநாட்டுப் படியா, இந்தியச் சம்பளமா, அங்கே பூட்டிக் கிடக்கும் வீட்டு வாடகை யாருடையது என்பதை டெபுடேஷன் கடிதத்திலேயே (வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும்போது தரும் கடிதம்) எழுதிவிட வேண்டும். அமீரக விசா பொதுவாக ஆறு மாதம் வெளியே இருந்தால் காலாவதி. இங்கே தங்கும் நாள் ஒரு நிதியாண்டில் 182ஐத் தொட்டால் வருமான வரிக்கு அவர் உள்நாட்டுவாசி ஆகிவிடுவார். அந்தக் கணக்கை ஊர் திரும்பிய வாரமே ஆடிட்டரிடம் கொடுத்துவிடவும்.