பார்க்கிங்கில் நின்றுபோன கர்சர்

டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல் கற்க வருகிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் கிடைக்கும் அறிவுரை, “கர்சர் பக்கமே போகாதே” என்பதுதான். ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து லூப்பில் வேலை செய்யும் வழிதான் கர்சர். சரியான அறிவுரை. ஆனால் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் கைக்கு வருவது நாம் எழுதும் நிரல் அல்ல. எப்போதோ வேலையை விட்டுப் போனவர் எழுதிவைத்த கர்சர். அதோடு மல்லுக்கட்ட யாரும் சொல்லித் தருவதில்லை.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் எனக்கு வாய்த்தது அப்படியொரு கர்சர் உள்ள சேவை வரி ஸ்கிரிப்ட். மலேசியாவில் 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. உணவு, பானம், தொலைத்தொடர்பு, கார் பார்க்கிங் போன்ற சிலவற்றுக்கு மட்டும் 6-தான். மாதாந்தர பில்களில் அதற்கேற்ப விகிதத்தை மாற்ற வேண்டும். டெஸ்ட் சர்வரில் ஓடவிட்டால் முடிகிற பாடில்லை. அதே சர்வரில் பில் சரிபார்த்துக்கொண்டிருந்த அக்கவுண்ட்ஸ் அக்கா, “தம்பி, எதுவும் சேவ் ஆக மாட்டேங்குது, என்னா செஞ்சே?” என்றார். லூப் டிரான்சாக்‌ஷனுக்குள் (எல்லாம் சேர்ந்து முடியும்வரை எதுவும் உறுதியாகாத தொகுப்பு) இருந்ததால், அது மாற்றிய ரெக்கார்டுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. நிறுத்தினால் மட்டும் போதாது, செய்ததை ரத்துசெய்யும் ரோல்பேக்கும் கொடுத்தால்தான் பூட்டு விடும்.

லூப்பின் தலையில் பில் எண்ணைக் காட்டும் ஒரு பிரின்ட் போட்டு மறுபடி ஓட்டினேன். எஸ்கியூஎல் சர்வர் பிழை எண் 16915: அந்தப் பெயரில் கர்சர் ஏற்கெனவே இருக்கிறதாம். பாதியில் நிறுத்தியதால் கர்சரை நீக்கும் டீஅலோகேட் வரை போகாத பழைய கர்சர், குளோபல் (இணைப்பு முழுவதற்கும் பொது) என்பதால் அந்த இணைப்பிலேயே உயிரோடு இருந்தது. புது விண்டோ திறந்தால் பிழை மறைந்துவிடும். புதிதாக வந்தவர்கள் பலர் அதையே தீர்வு என்று நம்பிவிடுகிறார்கள். கர்சரை அறிவிக்கும் டிக்ளேர் வரியில் லோக்கல் என்று சேர்ப்பதுதான் முறை.

இந்தமுறை ஓடியது. திரை முழுக்க ஒரே பில் எண். திறந்து பார்த்தால் கார் பார்க்கிங் கட்டணம்.

பிறகு நிரலைப் படிக்க நேரமாகவில்லை. 6 விழுக்காட்டு வகை வந்தால் கன்டினியூ, இல்லையென்றால் அப்டேட், அடுத்த ரெக்கார்டை எடுக்கும் ஃபெட்ச் நெக்ஸ்ட்டோ லூப்பின் அடியில். கன்டினியூ மிச்ச வரிகளை விட்டுவிட்டு, லூப்பின் தலையில் நிபந்தனை பார்க்கும் வைலுக்கு நேராகத் தாவிவிடுவதால் ஃபெட்ச் நடப்பதே இல்லை. ரெக்கார்டு கிடைத்ததா என்று சொல்லும் ஃபெட்ச் ஸ்டேட்டஸும் பழைய 0-விலேயே (கிடைத்தது) நிற்கிறது. கணக்கில் ஒரு பிசகும் கிடையாது. வரி விகிதத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்திருக்கும்.

டீம் லீட் அண்ணன் எட்டிப் பார்த்தார். “லூப்பே எதுக்குப்பா? ஒரே அப்டேட், WHERE நிபந்தனையில அந்த வகைகளைத் தள்ளிடு.” எழுதினேன், நொடியில் முடிந்தது.

ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸிலேயே சேமித்துவைத்த நிரல்) வழியாக மின்னஞ்சல் அனுப்பும் இன்னொரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அங்கே கர்சரைத் தூக்கிப் போட முடியாது. அதைத் திறந்து ஃபெட்ச்சை லூப்பின் தலைக்கு ஏற்றினேன். ஸ்டேட்டஸ் 0 இல்லையென்றால் அடுத்த வரியிலேயே லூப்பை விட்டு வெளியேற பிரேக். இனி கன்டினியூ எங்கே இருந்தாலும் கவலையில்லை.