தேரி மணல்ல வண்டி ஓட்டப் பழகுனது

ரோட்டு வளைவுல லாரியில இருந்து சிந்துன மணல் ரெண்டு கை கெடந்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துரும். நாலு வருஷம் இப்படியே ஓடுச்சு. காரணம் 2019ல தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரைக்கும் 2017ல இருந்தே நல்ல தார் ரோடு இருக்கு, அதுலயே போயிருக்கலாம், இடிஞ்ச சர்ச் பக்கம் ஒரு வண்டித்தடம் தெரியுதேன்னு கீழ எறக்குனேன். வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், கிட்டத்தட்ட 200 கிலோ. பத்து மீட்டர் கூட போயிருக்க மாட்டேன், முன் வீல் ஒரு ஆட்டம் ஆடுச்சு, பயத்துல ஆக்சிலேட்டர படக்குன்னு விட்டுட்டு முன் பிரேக்க புடிச்சேன், அவ்ளோதான், ஹேண்டில்பார் மடங்கி வண்டி வலது பக்கமா சாஞ்சு என் கால் அடியில மாட்டிக்கிச்சு. சைலன்சர் பைப் கெண்டைக்கால்ல சுட்ட தழும்பு இன்னும் இருக்கு. அங்க மீன் வித்துட்டு இருந்த ரெண்டு அண்ணனுங்க ஓடி வந்து தூக்கி விட்டாங்க.

அம்மா ஊரு தூத்துக்குடி மாவட்டத்துல உடன்குடி பக்கம். அந்தப் பக்கம் போனவங்களுக்கு தேரிக்காடு தெரியும், மணல் மேல இரும்பு ஆக்சைடு படிஞ்சு மேடு மேடா செக்கச்செவேல்னு கெடக்கும், நடுவுல பனையும் முந்திரியும். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு போகணும்னா எங்களுக்கு கடைசி ஒரு கிலோமீட்டர் மணல் தடம்தான். வருஷா வருஷம் நான் வண்டிய தார் ரோட்டு முடிவுலயே நிறுத்திட்டு நடந்துதான் போவேன். அதே தடத்துல எங்க மாமா எக்ஸ்எல் 100ல பின்னாடி ரெண்டு கேன் பதநீர் கட்டிட்டு தெனமும் போயிட்டு வர்றாரு. அந்த வண்டிக்கு சின்ன 16 இன்ச் வீல், டயர்ல மண்ண புடிக்கிற முண்டு (பட்டன்) கூட இல்ல. என் வண்டிக்கு முன்னாடி 21 இன்ச். வண்டியில ஒரு குறையும் இல்லன்னு அப்பவே எனக்கு தெரிஞ்சுருச்சு.

போன வருஷம் உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே ஊருக்கு போயி மாமாகிட்ட நேரா கேட்டேன், சொல்லிக் குடுங்கன்னு. காலைல அஞ்சரைக்கு கூட்டிட்டு போனாரு, ராத்திரி பனியில மணல் கொஞ்சம் இறுகி இருக்கும், பத்து மணிக்கு மேல மாவு மாதிரி ஆயிரும். வனத்துறை காட்டுக்குள்ள போகல, ஊர்க்காரங்க புழங்குற தடம் மட்டும்தான் (போறவங்க இத மனசுல வச்சுக்கோங்க). நூறு அடி ஓட்டச் சொல்லி பாத்துட்டு மாமா கேட்ட மொத கேள்வி, "ஏ மருமவனே, ஹேண்டில எதுக்கு இப்புடி நெறிக்க? கோழிக் கழுத்தா அது? ஆடத்தான் செய்யும், ஆட விடு."

அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு. மணல்ல முன் வீல் கலப்பை மாதிரி, உழுதுகிட்டுதான் போகும், கொஞ்சம் இடம் வலமா ஆடுறது அதோட வேலை. நாம பயந்து ஆக்சிலேட்டர விட்டா வண்டியோட பாரம் மொத்தமும் முன்னாடி வந்து இறங்கும், வீல் இன்னும் ஆழமா பொதையும், அதுக்கு மேல பிரேக்கும் புடிச்சா முடிஞ்சது கதை. தனுஷ்கோடில நான் பண்ணது அச்சு அசல் இதேதான். அதனால ஆட்டம் வரும்போது ஆக்சிலேட்டர கொஞ்சம் கூடவே குடுக்கணும், புட்ரெஸ்ட்ல எந்திரிச்சு நின்னு இடுப்ப பின்னாடி தள்ளி முட்டியால டேங்க கவ்வணும், கை சும்மா மேல கெடக்கணும். 2024 டக்கார் பாலைவன ரேஸ்ல ரேலி 2 பிரிவுல ஜெயிச்ச நம்ம ஷொர்ணூர் ஹரித் நோவா ஓட்டுற வீடியோவ அன்னிக்கு ராத்திரி திரும்பப் போட்டு பாத்தேன், வண்டி அடியில ஆடிக்கிட்டே இருக்கு, மனுஷன் மேல ஆடவே இல்ல.

ரெண்டாவது நாள் டயர்ல காத்த கொறச்சேன், முன்னாடி 18, பின்னாடி 20 பிஎஸ்ஐ. காத்து கொறஞ்சா டயர் தட்டையாகி மணல்ல அகலமா உக்காரும், பொதையாது. ரொம்பவும் கொறைக்கக்கூடாது, ட்யூப் டயர்ல ரிம் மேல டயர் சுத்திக்கிட்டு வால்வு பிஞ்சுரும். செகண்ட் கியர்ல கிளம்புனேன். ஆட்டம் வந்துச்சு. வயித்துல அந்த பழைய பிசைவு, கை தானா ஆக்சிலேட்டர மூடப் பாக்குது, விரல் ரெண்டும் பிரேக் லீவர் மேல போயிருச்சு, அத எடுக்க நான் பட்ட பாடு எனக்குதான் தெரியும். "தூரமா பாரு, அந்த ஒத்தப் பனைய பாரு"ன்னு பின்னாடி இருந்து மாமா கத்துறாரு. பனைய பாத்தேன். ஆக்சிலேட்டர லேசா திருப்புனேன். முன்னாடி பாரம் கொறஞ்சு வீல் மேல வந்து மெதக்குன மாதிரி ஒரு உணர்வு, படகு தண்ணியில போற மாதிரி. பனை வரைக்கும் போயி பிரேக்கே தொடாம ஆக்சிலேட்டர விட்டு மணலே நிறுத்துற வரைக்கும் விட்டுட்டு நின்னேன். கண்ணு கலங்கிருச்சு எனக்கு.

அதுக்கப்புறம் விழலையான்னா விழுந்தேன், அந்த வாரத்துல மூணு தடவ. ஒரு தடவ பின் வீல் பொதைஞ்சு, நான் முறுக்க முறுக்க செயின் வரைக்கும் இறங்கிருச்சு. மாமா இன்ஜின ஆப் பண்ணச் சொல்லி, ரெண்டு பேரும் வண்டிய மெதுவா பக்கவாட்டுல படுக்க வச்சு, குழியில மணல தள்ளி மூடிட்டு திரும்ப நிமித்துனோம், ரெண்டு நிமிஷ வேலை. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்களாம். இப்ப ஒரு சின்ன பம்ப் எப்பவும் பையில இருக்கு, தார் ரோட்டுக்கு ஏறுன உடனே காத்து அடிச்சுட்டுதான் கிளம்புவேன், கொறைஞ்ச காத்தோட ஸ்பீடா போறது ஆபத்து.

உத்திரத்தன்னிக்கு சொந்தக்காரங்க எல்லாரும் பொங்கப்பானை, வெறகோட டிராக்டர்ல வந்தாங்க. நான் முன்னாடியே கிளம்பி அந்த ஒரு கிலோமீட்டரும் ஓட்டிட்டு போயி கோயில் முன்னாடி பனை நிழல்ல வண்டிய நிறுத்தி, ஸ்டாண்ட் பொதையாம இருக்க அடியில ஒரு பலகைத் துண்டு வச்சுட்டு நின்னேன். அம்மா டிராக்டர்ல இருந்து எறங்குனதும் மொதல்ல என் கெண்டைக்கால பாத்தாங்க, அப்புறம் வண்டிய பாத்தாங்க, "எல, இதுலயா வந்த?"ன்னு கேட்டுட்டு வண்டி முன்னாடியும் கொஞ்சம் துன்னூறு பூசி விட்டாங்க.