சான்றிதழ் கைக்கு வருவதற்குள்: பங்குத் தரகு கிளையில் ஒரு கோடை இன்டர்ன்ஷிப்

எங்கள் கல்லூரியில் எம்.பி.ஏ. முதலாண்டு முடிந்ததும் ஆறு வாரம் கோடை இன்டர்ன்ஷிப் கட்டாயம். சான்றிதழ், ரிப்போர்ட், வைவா மூன்றும் இருந்தால்தான் மதிப்பெண். திருச்சி தில்லைநகரில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் கிளையில் சீனியர் ஒருவர் மூலம் இடம் கிடைத்தது. கல்லூரிக் கடிதம், துறைத்தலைவர் கையெழுத்து எல்லாம் சுலபமாக முடிந்தன. சிக்கல் உள்ளே போன பிறகுதான்.

ஆஃபர் லெட்டரில் 'ஃபைனான்ஸ் டிரெய்னி' என்று மட்டும் போட்டிருந்தது. என்ன வேலை, யாருக்குக் கீழே, சான்றிதழ் எப்போது தருவார்கள், எதுவும் இல்லை. முதல் வாரமே கிளை மேலாளர் எங்களை உட்காரவைத்து, "உங்க போன்ல இருக்கற சொந்தக்காரங்க நம்பரை எல்லாம் இந்த எக்செல்ல ஏத்துங்க" என்றார். வாரத்துக்கு இத்தனை டீமேட் கணக்கு (ஷேர்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) பிடிக்க வேண்டும் என்று டார்கெட். ஸ்டைபெண்ட் கிடையாது. டார்கெட் முடித்தால்தான் சான்றிதழ் என்பதையும் அன்றுதான் சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். படிக்க வந்த பிள்ளைகளின் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டு ஆட்களை வாடிக்கையாளராக்கப் பார்ப்பது அநியாயம்.

நான் யாருடைய எண்ணையும் ஏற்றவில்லை. கூட வந்த பையன் ஏற்றினான். அவன் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் இன்றுவரை அங்கிருந்து போன் வந்துகொண்டிருக்கிறது.

என் பெரியப்பா மட்டும் தானாகவே கணக்குத் திறக்க விரும்பினார். ரிட்டயர் ஆனவர், கொஞ்சம் ஷேர் வாங்கிப் போட ஆசை. அவருடைய கே.ஒய்.சி., அதாவது அடையாளச் சரிபார்ப்பு, திரும்பத் திரும்ப ரிஜெக்ட் ஆனது. நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய இனிஷியல் பிரச்சினை. பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் அப்பா பெயர் ஒரு முழுப் பெயராகவே வருமான வரித்துறை பதிவில் ஏறிவிடுகிறது. ஆதாரிலும் பேங்க் பாஸ்புக்கிலும் வெறும் இனிஷியல். கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்புவார்கள்; அப்போது பேங்க் காட்டும் பெயர் பானோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். போதாததற்கு, பெரியப்பாவின் பழைய ஆதாரில் பிறந்த வருடம் மட்டும்தான் இருந்தது, தேதி இல்லை. எந்தக் காரணத்துக்காக ரிஜெக்ட் ஆனது என்று கிளையில் கேட்டால், "சிஸ்டம் எடுக்கல" என்பதற்கு மேல் பதில் வராது.

இதற்கு ஒரு வழி உண்டு. பான் அட்டையில் அச்சாகியிருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அட்டையில் இனிஷியலோடு சுருக்கமாக இருந்தாலும் பதிவில் முழுப் பெயர் இருக்கலாம். வருமான வரி இணையதளத்தில் பான் சரிபார்க்கும் பக்கத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஆதாரோடு இணைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். 2023 ஜூன் 30 கெடுவுக்குள் இணைக்காமல் பான் செயலிழந்து போனவர்கள் எங்கள் கிளைக்கே நிறையப் பேர் வந்தார்கள். 1000 ரூபாய் கட்டி இணைத்த பிறகும் உடனே சரியாகாது, காத்திருக்க வேண்டும்.

ஒரு வழியாக ஆதாரில் முழுப் பிறந்த தேதியை ஏற்றி, பேங்கிலும் பெயரைத் திருத்திக்கொண்டு வந்தால், ஃபாரத்தில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் என்ற ரிஸ்க் அதிகமான வர்த்தகம்) பெட்டியில் ஏற்கெனவே டிக். அதற்காகவே அவரிடம் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டார்கள். ஷேர் வாங்கி வைத்திருக்க மட்டும் நினைப்பவருக்கு அது எதற்கு? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டம் அடைந்ததாக இருக்கிறது. அதை நான் படித்திருந்தேன். டிக்கை எடுத்தால்தான் பெரியப்பா கையெழுத்துப் போடுவார் என்று சொல்லிவிட்டேன். மேலாளருக்குக் கோபம். ஆனால் எடுத்தார்கள்.

மறுநாள் என்னைத் தூக்கிப் பின்னால் கே.ஒய்.சி. டெஸ்கில் போட்டார்கள். தண்டனையாக நினைத்துச் செய்தது எனக்கு நல்லதாக முடிந்தது. அங்கே இருந்த அக்கா ஒருவர் ரிஜெக்ட் ஆன ஃபாரங்களை எப்படிப் படிப்பது என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். டீமேட் கணக்கு எண்ணின் பதினாறு இடமும் எண்களாக இருந்தால் சி.டி.எஸ்.எல். கணக்கு, ஐ.என். என்று தொடங்கினால் என்.எஸ்.டி.எல். (இரண்டும் ஷேர்களை மின்னணு வடிவில் காக்கும் நிறுவனங்கள்) என்பதில் ஆரம்பித்து, விற்ற ஷேரைக் கணக்கிலிருந்து எடுக்கத் தரகருக்கு அனுமதி தரும், பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதில் வந்த டி.டி.பி.ஐ. படிவம் வரை கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ரிப்போர்ட்டின் தலைப்பே அங்கிருந்துதான் கிடைத்தது.

நடுவில் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் போடும் எஸ்.ஐ.பி. பிடிக்கவும் அனுப்பப் பார்த்தார்கள். ஃபண்டு விற்கும் ஊழியர் என்.ஐ.எஸ்.எம். என்ற நிறுவனம் நடத்தும் 5-ஏ தேர்வு முடித்து, ஊழியருக்கான தனி அடையாள எண்ணான இ.யு.ஐ.என். வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சொன்னதும் விட்டுவிட்டார்கள். உங்களிடம் கேட்டாலும் இதையே சொல்லுங்கள். அந்தச் சாக்கில் நானும் 1500 ரூபாய் கட்டி அந்தத் தேர்வை எழுதினேன். 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம், 50 எடுத்தால் தேர்ச்சி. நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன். அந்தக் கோடையில் முழுச் சந்தோஷம் தந்த விஷயம் அது. பதிவு செய்ய பான் கட்டாயம், பெயரும் பானில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

கடைசி வாரம் சான்றிதழ் கேட்டால், "டார்கெட் முடிக்கலையே" என்றார் மேலாளர். கல்லூரியில் என் ரிப்போர்ட்டுக்கு வழிகாட்டும் கைடிடம் சொன்னேன். அவர் சொன்னபடி, கல்லூரிக் கடிதத்தையும் ஆஃபர் லெட்டரையும் இணைத்து, கைடுக்கும் நகல் போட்டு, சென்னை தலைமை அலுவலக எச்.ஆருக்கு மெயில் அனுப்பினேன். டார்கெட் பற்றி லெட்டரில் ஒரு வரிகூட இல்லை என்பதை மட்டும் எழுதினேன், குறை எதுவும் சொல்லவில்லை. உடனே கிளையிலிருந்து போன், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி. துறையூரிலிருந்து பஸ் ஏறிப் போனால் மேலாளர் மீட்டிங்குக்குச் சென்னை போய்விட்டார், சீல் அவர் மேஜை டிராயரில் பூட்டிக் கிடக்கிறது. போன் செய்து வரச்சொன்னவர்களுக்கு அது தெரியாதா? வெயிலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது அழுகையே வந்துவிட்டது.

பிறகு கிடைத்த சான்றிதழில் சேர்ந்த தேதி தப்பு. அதன்படி ஆறு வாரம் நிறையாது, கல்லூரியில் எடுக்க மாட்டார்கள். செய்த வேலையைக் குறித்து வைக்கும் லாக் புக்கில் வாரா வாரம் கே.ஒய்.சி. டெஸ்க் அக்காவிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்ததால் அங்கேயே காட்டி, வேறு லெட்டர்ஹெட்டில் அடிக்க வைத்தேன். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் தேதி, பதிவெண், பெயரின் இனிஷியல், சீல் நான்கையும் பார்த்துவிடுங்கள். லாக் புக்கைக் கடைசி நாளுக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

போன வாரம் வைவா முடிந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் தேர்வாளர் அதிக நேரம் கேட்டது இனிஷியல் விவகாரத்தைப் பற்றித்தான். வேலை விவரமும் சான்றிதழ் நிபந்தனையும் எழுதாத ஆஃபர் லெட்டருக்கு அடுத்த பேட்ச்சிலிருந்து அனுமதி தருவதில்லை என்று எங்கள் துறையில் முடிவெடுத்திருக்கிறார்கள்.