சியோல் சந்தையில் கேட்ட ‘அனி’

சியோலில் ஜொங்னோ 5-கா ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே குவாங்ஜாங் சந்தை. 1905-இல் தொடங்கியது. மாடியில் பட்டுத்துணிக் கடைகள், கீழே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். நான் உட்கார்ந்தது பின்தேத்தொக் வார்க்கும் ஒரு பாட்டியின் கடையில். ஊறிய பயறு கண்ணெதிரே கல்லில் அரைபட்டு வழிகிறது, அதில் முளைகட்டிய பயறும், காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சியும் கலந்து நம் அடை மாதிரி, ஆனால் இன்னும் கனமாக, எண்ணெய் மிதக்க மிதக்கப் பொரிக்கிறார்கள். அந்த முறுகல் ஓரத்துக்காகவே இன்னொன்று வாங்கினேன்.

மாவைக் காட்டி, உருளைக்கிழங்கா என்று தெரிந்த கொரிய மொழியில் கேட்டேன். “அனீ... குகே அனிரா, நொக்து” என்றார் பாட்டி, கரண்டி நிற்கவில்லை. அது இல்லப்பா, பாசிப்பயறு.

அனி என்றால் இல்லை என்றுதான் படித்திருந்தேன். ஆனால் அங்கே அரை மணி நேரம் காது கொடுத்ததில், மறுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில்கூட அதை வைத்துத்தான் பேச்சை எடுக்கிறார்கள். பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் “அனி, குன்தே” என்றதும் எதிரில் இருந்தவள் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நாம் “இல்ல, நான் என்ன சொல்றேன்னா” என்று தொடங்குவோமே, அதேதான்.

பெரியவர்களிடம் மட்டும் கவனம் வேண்டும். பதிலாக வெறும் அனி கூடாது, அனியோ என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வது சரியில்லை என்று பட்டால் “குல்செயோ” என்று இழுத்தாலே போதும், அது நம்ம “அப்படியா, தெரியலையே” மாதிரி, புரிந்துகொள்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான்.

நான் தவறியது வாக்கிய முடிவில். தங்கியிருந்த வீட்டு அம்மா, எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று இரண்டாம் முறை கேட்டார். முன்பே சொன்னேனே என்ற அர்த்தத்தில் “மல்ஹெத்ஜானாயோ” என்றேன். முகம் சட்டென்று வாடிவிட்டது. அந்த ‘ஜானாயோ’, உங்களுக்கே தெரியுமே என்று நினைவூட்டும் விகுதி. இந்த இடத்தில் அது “அப்பவே சொன்னேன்ல” என்று சிடுசிடுப்பதுபோல் விழும் என்று அவருடைய மகள் அப்புறம் விளக்கினாள். யோ சேர்த்தால் மரியாதை வந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

காலையில் மன்னிப்புக் கேட்டேன். “அனியா, அனியா” என்று கையை வீசிக்கொண்டே ஒரு கமலா ஆரஞ்சை என் பையில் போட்டார்.